மண்டபத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு

(ஒளிப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மண்டபங்களையும் மகால்களையும் படம் எடுப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். லென்ஸ் பற்றியும் வெளிச்சம் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தஞ்சாவூரில் செய்த ஒரு வேலையிலிருந்துதான் நான் இன்று சொல்லவந்த எல்லாமே கிளம்புகிறது.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டனாக இருந்தவர். 1856-ல் மதராஸ் அரசாங்கம் அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857-ஆம் ஆண்டுக் கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி, சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையின் புது மண்டபமும் திருமலை நாயக்கர் மகாலும் அந்தப் பயணத்தில் அவருடைய கேமராவுக்குள் வந்தன.

தஞ்சைப் பெரிய கோவிலில் அவர் கோபுரத்தையும் நந்தியையும் எடுத்ததோடு நிற்கவில்லை. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டு வரிகளை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, துண்டு துண்டாக எடுத்தார். அந்தப் படங்கள் 21. அவற்றை ஒட்டவைத்து ஒரே நீளப் படமாக்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி. அன்றைக்கு அந்த எழுத்துகள் முறையாகப் படித்துப் பதிப்பிக்கப்படவில்லை. பெரிய கோவிலைக் கட்டியது எந்தச் சோழன் என்பதற்கே ஆளுக்கொரு கதை இருந்தது. 1886-க்குப் பிறகு ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டறிஞர் உட்கார்ந்து படித்த பிறகுதான் அது ராஜராஜன் எடுத்த கோவில் என்பது கல்வெட்டு ஆதாரத்தோடு நிலைபெற்றது. அதற்கு ஏறத்தாழ 30 வருஷம் முன்பே டிரைப் அந்த வரிகளைப் படமாக்கி வைத்துவிட்டார்.

தனக்கு என்ன புரிந்ததோ அதை மட்டும் அவர் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அழகாக இருந்ததை மட்டும் எடுத்திருந்தாலும் நடந்திருக்காது. சுவரின் அடியில் ஓடும் எழுத்து வரி, பார்க்கிறவர் கண்ணுக்குக் கவர்ச்சியான காட்சி இல்லையே. இன்று நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். பழைய கட்டடத்துக்குள் போகிறவர்கள், தங்களுக்கு இப்போது புரிகிறதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். கட்டடத்தின் கதை பல சமயம் படத்துக்குப் பின்னால் வருகிறது. வரும்போது படம் இருக்க வேண்டும்.

டிரைப்பின் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். மண்டபங்கள் எல்லாம் வெறிச்சென்று இருக்கும். இத்தனை பெரிய கோவில் நகரங்களில் ஆளே இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவ். ஒரு படம் பதிவதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். மண்டபத்தின் உள்பக்கம் என்றால் இன்னும் கூடும். நடந்து போகிறவர் அதில் பதிய மாட்டார். அசையாமல் நின்றால்தான் உண்டு. ஆக, அந்த வெறுமைக்குப் பெரும் காரணம் அந்தக் காலத்து ரசாயனம். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாம் அதையே அழகு என்று எடுத்துக்கொண்டோம். பழைய மண்டபம் என்றால் ஆள் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கூட்டம் கலையும்வரை காத்திருக்கிறோம். விடியற்காலையில் போய் நிற்கிறோம். அப்படியும் யாராவது சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறோம். டிரைப்புக்கு முடியாமல் போனதை, எல்லாம் முடிகிற காலத்தில் நாம் வேண்டுமென்றே செய்துகொண்டிருக்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. மண்டபம் என்பதே பல பேர் கூடுவதற்காகக் கட்டப்பட்டது. கூடுகிறவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது தூண்கள்.

புது மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டியது. 124 தூண்கள். வசந்த உற்சவத்துக்காகக் கட்டினார்கள். சுற்றிலும் தண்ணீர் நிறுத்தி உள்ளே குளிர்ச்சி வரும்படி செய்தார்கள். அதனால் வசந்த மண்டபம் என்ற பெயரும் உண்டு. உள்ளே நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் உருவங்கள் தூண்களில் நிற்கின்றன. கல் யானை கரும்பு தின்ற திருவிளையாடல் இருக்கிறது. மீனாட்சி கல்யாணம் இருக்கிறது.

என் வயதொத்த மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபம் என்றால் நினைவுக்கு வருவது இவை எதுவும் இல்லை. தையல் மெஷின் சத்தம்தான். தூணுக்குத் தூண் தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் பித்தளைப் பாத்திரக் கடை, இந்தப் பக்கம் புத்தகக் கடை, வளையல், குழந்தைகளுக்குக் கிருஷ்ணர் வேஷத் துணி, சாமிக்கு வஸ்திரம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் உள்ளே நுழைய முடியாது. சிற்பங்களின் இடுப்புக்குக் கீழே துணி மூட்டை அடைந்திருக்கும். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்று பல காலம் பேச்சு நடந்து, இப்போது மாற்றியும் ஆயிற்று. சிற்பங்களுக்கு அது நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இப்போது போய்ப் படம் எடுப்பவர்களுக்குத் தூண்கள் அடிமுதல் உச்சிவரை தெரியும்.

ஆனால் அந்தத் தையல்காரர்கள் இருந்த காலமும் அந்த மண்டபத்தின் வரலாறுதான். தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்த குடும்பங்கள் அவை. நாயக்க மன்னரின் கல் உருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மனிதர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். அதைக் கவனித்து எடுத்த படங்கள் குறைவு. வந்தவர்கள் எல்லாரும் கடைகளைத் தவிர்த்துவிட்டு, அண்ணாந்து மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைகள் போன பிறகுதான் அந்தப் படங்கள் நம்மிடம் இல்லையே என்று தோன்றுகிறது.

அடுத்தது சென்னையின் ராஜாஜி ஹால். ஓமந்தூரார் தோட்டத்துக்குள் இருக்கிறது. 1800-க்கும் 1802-க்கும் இடையில் கட்டியது. அப்போது பெயர் பாங்க்வெட்டிங் ஹால், அதாவது ஆளுநரின் விருந்து மண்டபம். கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். இவர் தொழிலால் வானியலாளர். மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். அவர் கணக்கிட்ட தீர்க்கரேகையை வைத்துத்தான் மதராஸ் நேரம் என்ற ஒன்று வந்தது. பின்னாளில் இந்த நாட்டின் ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. நட்சத்திரம் பார்க்கிறவர் கையில் ஒரு விருந்து மண்டபத்தைக் கொடுத்தார்கள். அவர் கிரேக்கக் கோவில் போல உயர்ந்த மேடை, அகன்ற படிக்கட்டு, வரிசைத் தூண்கள் என்று கட்டினார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்ததன் நினைவாக, முகப்பு முக்கோணங்களில் ஒன்றை அந்த வெற்றிக்கும் மற்றொன்றைப் பிளாசி வெற்றிக்கும் ஒதுக்கி அலங்கரித்தார்கள். கம்பெனியின் வெற்றிக் களிப்பில் எழுந்த கட்டடம்.

அந்தக் கட்டடத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1937 தேர்தலுக்குப் பிறகு ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சட்டசபை முதலில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் கூடியது. 1938-லிருந்து 1939 வரை இந்த விருந்து மண்டபத்தில் கூடியது. ஆளுநர்கள் நடனமாடிய தரையில் ஊர்ப் பிரதிநிதிகள் நின்று பேசினார்கள். 1948-ல் மண்டபத்துக்கு ராஜாஜியின் பெயரையே வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1969-ல் அண்ணா, 1972-ல் ராஜாஜி, 1975-ல் காமராஜர், 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கலைஞர். நம் தலைவர்களின் உடல்களை மக்கள் கடைசியாகப் பார்த்தது அந்தப் படிக்கட்டின் உச்சியில். வெற்றி விழாவுக்காகக் கட்டிய படிக்கட்டு, துக்கத்தில் வந்த லட்சக்கணக்கான பேர் நெருக்கியடித்து ஏறுகிற படிக்கட்டாக ஆகிவிட்டது. கோல்டிங்ஹாம் இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

இந்த மண்டபத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் நேர் எதிரே நின்று தூண்களை எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கட்டடக்கலைப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது, அதனால். நான் சொல்கிறேன், படிக்கட்டை எடுங்கள். அதன் அகலத்தை எடுங்கள். மேலே நின்று, கீழே கூட்டம் நின்ற வெளியைப் பார்த்து எடுங்கள். தமிழ்நாட்டின் கண்ணீர் அந்தப் படிகளில் இருக்கிறது. கட்டியவர் நினைத்த கதைக்கும் மக்கள் எழுதிய கதைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், நான் மக்கள் எழுதியதன் பக்கம்.

இப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் வருவோம். ரிப்பன் பில்டிங்குக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் செங்கல் நிறத்தில் நிற்கிறதே, அந்த விக்டோரியா பப்ளிக் ஹால். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் எனக்கு மிகவும் நெருக்கமான மண்டபம் இது.

மதராஸுக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்து, பணம் திரட்டிக் கட்டியது. 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். நிலத்தை மாநகராட்சி 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. 1887-ல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா வந்ததால் அவர் பெயர் வந்து சேர்ந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்.

சிஷோம் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ், திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் வரைந்தவை. இந்த இடத்தில் நாம் மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். 1866-லிருந்து 1872 வரை மதராஸ் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இடிந்துகொண்டிருந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க முடிவு செய்தார். அந்த வேலையில் சிஷோம் ஈடுபட்டார். 1636-ல் கட்டிய மகால் அது. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது பெரும் பகுதியை இடித்து எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். இன்று நிற்பது பழைய பரப்பில் நாலில் ஒரு பங்குதான். அந்த மிச்சத்தில்தான் சொர்க்க விலாசத்தின் பெரிய குவிமாடம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு விட்டமில்லாமல் நிற்கிறது. முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்புச் சாந்து என்று மதுரையில் சொல்வார்கள்; தூணைத் தொட்டால் சலவைக்கல் போல வழுவழுப்பாக இருக்கும். இங்கே உள்ளூர்க் கட்டுமானத்தைக் கிட்டத்தில் பார்த்த சிஷோம், அதற்குப் பிறகு வரைந்த கட்டடங்களில் இந்திய அமைப்புகளை மேலும் மேலும் கொண்டுவந்தார். விக்டோரியா ஹாலின் கோபுரத்து உச்சியைப் பாருங்கள். அந்தக் கூம்புக் கூரை திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கூரை. மதுரைத் தூணையும் மலையாளக் கூரையையும் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவர் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நின்று வரைந்த கட்டடம் என்று தெரிந்தால், கேமரா எங்கே திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நம்பெருமாள் செட்டியார் கதை இன்னொன்று. மதராஸ் உயர் நீதிமன்றம், எழும்பூர் மியூசியம் தியேட்டர், கன்னிமாரா நூலகம் என்று இந்த ஊரின் சிவப்புக் கட்டடங்களில் பெரும் பகுதி அவர் கை பட்டது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பி வந்தபோது, சேத்துப்பட்டில் தன் வீட்டைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவரும் இவர்தான். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி ராமானுஜன் உயிர் பிரிந்தது அங்கேதான். ஒரு செங்கல் சுவரைப் படம் எடுக்கும்போது, அந்தச் செங்கல்லை அடுக்கிய ஒப்பந்தக்காரர் வழியாகக் கணிதத்தின் வரலாற்றுக்குள் போய் நிற்க முடிகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, விக்டோரியா ஹாலுக்குள் என்னவெல்லாம் நடந்தது? 1897 பிப்ரவரி 9-ஆம் தேதி, மேல்நாடுகளிலிருந்து திரும்பியிருந்த விவேகானந்தர் அங்கே நின்று தன் செயல்திட்டத்தை விளக்கிப் பேசினார். 1890-களின் கடைசியில் மதராஸ்காரர்கள் அசையும் படத்தை முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். கோகலே பேசினார், காந்தி பேசினார். எல்லாவற்றையும்விட அதிக காலம் அங்கே குடியிருந்தது நாடகம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, பல பத்தாண்டுகள் அங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். நாடகக்காரன் என்றால் மதிப்பில்லாத காலத்தில், படித்தவர்கள் மேடை ஏறலாம் என்று காட்டிய மேடை அது. பம்மல் ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற தன் புத்தகத்தில் அந்தக் காலத்தை விவரமாக எழுதியிருக்கிறார். விக்டோரியா ஹாலைப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அதைப் படித்தவர் மேடையின் முன்னால் நின்று எடுப்பதோடு திரும்ப மாட்டார். மேடைக்குப் பின்பக்கத்தைத் தேடிப் போவார். மேல் மாடத்தில் உட்கார்ந்தவருக்கு மேடை எப்படித் தெரிந்திருக்கும் என்று ஏறிப் பார்ப்பார்.

பின்னாளில் அந்த ஹால் வழக்கிலும் பராமரிப்பின்மையிலும் சிக்கிப் பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது. மெட்ரோ வேலை நடந்தபோது சுற்றிலும் தகரத் தடுப்பு. பிறகு மாநகராட்சி சீரமைப்பில் இறங்கியது. பூட்டிக் கிடந்த காலத்திலும் யாராவது அனுமதி வாங்கி உள்ளே போய் எடுத்த படங்கள் உண்டு. விரிசல் விட்ட சுவர், புறா எச்சம், சரிந்த மரம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பழுதுபார்க்க வருகிற பொறியாளருக்கு அவைதான் பயன்படும். எங்கே தண்ணீர் இறங்கியது, எந்த வளைவு முதலில் விலகியது என்று அவை சொல்லும்.

பழுதுபார்ப்பு என்று சொன்னேன். அதையும் படமாக்க வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்பால் ஆனவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, சில வருஷத்தில் பூச்சு செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். நல்ல எண்ணத்தோடு செய்த வேலையே கட்டடத்தைக் கெடுத்த இடங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அந்தச் சாம்பல் நிறத் திட்டுகளைச் சட்டகத்திலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். அருகில் போய் எடுங்கள். பழுதுபார்ப்பதற்கு முன்னால் ஒன்று, நடக்கும்போது ஒன்று, முடிந்த பிறகு ஒன்று, ஒரே இடத்தில் நின்று எடுத்து வைத்தால் அதைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை.

சரி, கேமரா பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரமான தூண்களை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் எல்லாம் பின்பக்கமாகச் சாயும். கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். உச்சி விட்டுப்போனால் பின்னால் தள்ளிப் போங்கள், அல்லது எதிர்ப்பக்கம் மாடியோ மாடமோ இருந்தால் அதில் ஏறுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சில் அது ஒரு வெள்ளைப் பொட்டாக அடித்துவிடும், பூச்சின் நயம் தெரியாது. மண்டபத்துக்கு எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். டிரைபாட் கொண்டுபோகப் பல இடங்களில் தனி அனுமதி கேட்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காவலாளியோடு சண்டை வேண்டாம். அந்தக் காவலாளிக்குத்தான் எந்த அறையின் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும். படத்தில் ஓர் ஆளாவது இருக்கட்டும். மகாலின் தூண் எவ்வளவு பெரியது என்பது அதன் அடியில் ஒருவர் நின்றால்தான் தெரியும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பல படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கி, இருட்டு மூலையெல்லாம் பளிச்சென்று தெரிய வைக்கிற பழக்கம் வந்திருக்கிறது. இப்போது போன் தானாகவே அப்படிச் செய்துவிடுகிறது. மண்டபத்தின் இருட்டும் அதைக் கட்டியவர் திட்டமிட்டு வைத்ததுதான். வெயிலில் நடந்து வருகிறவர் உள்ளே நுழைந்ததும் கண் பழக ஒரு கணம் ஆக வேண்டும், பிறகு நடு முற்றத்து வெளிச்சம் தெரிய வேண்டும் என்று அளந்து கட்டியிருக்கிறார்கள். அந்த இருட்டை அழித்த படம் அந்த மண்டபத்தைப் பற்றித் தவறான சாட்சி சொல்கிறது. போனில் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

சென்னையில் ஆர்மேனியன் தெருவில் இருக்கும் கோகலே ஹாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்னி பெசண்ட் இளைஞர்களுக்காகத் தொடங்கிய இந்திய வாலிபர் சங்கத்துக்கு 1915-ல் எழுந்த கட்டடம். அந்த ஆண்டு மறைந்த கோபால கிருஷ்ண கோகலேயின் பெயரைத் தாங்கியது. ஹோம் ரூல் இயக்கத்தின் குரல் மதராஸில் கேட்ட இடம். பிறகு சங்கீதக் கச்சேரிகள் நடந்தன. இந்த நூற்றாண்டில் அதை இடிக்கத் தொடங்கி, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், பாதியில் நின்றது. 2010-ல் உயர் நீதிமன்றம் சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் 467 என்ற பட்டியலை ஏற்று, அவற்றைக் காக்க வேண்டும் என்று சொன்னது. பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-ல் வந்தது. சட்டம் வேண்டும்தான். ஆனால் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிற கட்டடத்துக்காக யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். அதன் உள்ளே என்ன நடந்தது, அது எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள்தான் இறங்குவார்கள். அதைக் காட்டுகிற வேலை நம்முடையது.

சென்னை, மதுரை என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலர் சிற்றூர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு மண்டபம் இருக்கும். வழிப்போக்கர் சத்திரமாக இருந்து பின்னால் பள்ளிக்கூடம் ஆனது, நகராட்சிக் கூட்ட அறை, சங்கத்துக் கட்டடம், நாடகக் கொட்டகையாகத் தொடங்கி சினிமா தியேட்டராகி இப்போது கிடங்காக இருப்பது. எந்தப் பட்டியலிலும் இவை இல்லை. எந்த நீதிமன்றமும் இவற்றைக் கேட்காது.

இவற்றுக்கான படங்கள் ஏற்கெனவே எங்கே இருக்கின்றன தெரியுமா? ஊர் ஸ்டுடியோக்களில். சங்கத்து ஆண்டு விழா, வாத்தியார் பிரிவுபசாரம், வாலிபால் கோப்பை வாங்கிய அணி என்று அந்த மண்டபத்துப் படிக்கட்டில் நாற்காலி போட்டு எடுத்த குரூப் போட்டோக்கள். நடுவில் மாலை போட்ட தலைவர், பின்னால் மூன்று வரிசை ஆட்கள். நாம் முகங்களைத்தான் பார்ப்போம். முகங்களுக்குப் பின்னால் பாருங்கள்: வளைவுகள் இருக்கும், மரக் கதவு இருக்கும், முகப்பில் ஆண்டு பொறித்திருக்கும். இன்று அந்த வளைவை அடைத்துச் சுவர் எழுப்பியிருப்பார்கள். 1950-களின் ஒரு குரூப் போட்டோ போதும், அந்த மண்டபம் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல. தாத்தா வைத்த ஸ்டுடியோவைப் பேரன் மூடுகிறபோது கண்ணாடி நெகட்டிவ்களைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு ஸ்டுடியோ இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள். குடும்பத்தார் சம்மதத்தோடு நகல் எடுத்து வையுங்கள்.

நீங்கள் எடுக்கிற படத்துக்கும் இது பொருந்தும். போனில் 5,000 படம் இருக்கிறது, எது எந்த ஊர் என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை. முக்கியமான படங்களையாவது காகிதத்தில் அச்சிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், கட்டடத்தின் பெயர், எடுத்த தேதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, படத்தில் இருக்கிறவர் யார், யார் உங்களுக்கு இந்தக் கட்டடத்தின் கதையைச் சொன்னார்கள். கதை நிச்சயமானதா, கேள்விப்பட்டதா என்பதையும் எழுதுங்கள். அடிக்கல் பலகை, கொடையாளர் பெயர்ப் பலகை, மேஸ்திரி எங்காவது செதுக்கி வைத்த பெயர், எதையும் விடாதீர்கள். படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் பிறகு வருவார்.

ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்துவிடுங்கள். வெள்ளையடிப்பும் டைல்ஸும் உங்கள் ஊர் மண்டபத்துக்கு வருவதற்குள் இதைச் செய்து முடித்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.